இருபத்திரண்டு பச்சோந்திகளின் வகுப்பாசிரியை

ஏப்ரல் 11

ஜனவரியில் ஒரு நோட்ஸ் கம்பெனிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. இத்தனை நாளும் எழுத நேரமில்லை. இப்போது அரசாங்கமே பார்த்து நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறது. பணியிடை நீக்கம் என்று அதற்குப் பெயர். இருபத்தாறு வருட சர்வீஸில் என் பெயருக்கு இவ்வளவு வேகமாக எந்தத் தபாலும் வந்ததில்லை.

விஷயம் சின்னது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பரீட்சை. வேறொரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கண்காணிப்பு வேலை. நான் விலங்கியல் ஆசிரியை, ஆகவே எனக்கு வேதியியல் தெரியாது என்பது கல்வித்துறையின் உறுதியான நம்பிக்கை. ஏழாம் அறைக்குக் கண்காணிப்பாளர் பானு என்ற சின்னப் பெண். வரலாற்று ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் பாத்ரூம் போய்வருவதற்கு நான் மாற்றாகப் போய் நின்றேன். ஐந்து நிமிடம். அவள் திரும்பி வந்து, நானும் வெளியே போன பிறகு பறக்கும் படை வந்தது. ஒரு பெண்ணின் விடைத்தாளுக்கு அடியில் பிட்டுக் காகிதம் இருந்ததாம். பானுவுக்கும் எனக்கும் ஒரே நாளில் உத்தரவு. அவள் கடையநல்லூரில் உட்கார்ந்திருக்கிறாள், நான் புளியங்குடியில்.

அந்தப் பரீட்சை எழுதிய பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஐந்து நிமிடத்தில் யாரைப் பார்ப்பது?

ஏப்ரல் 12

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும் நேரத்துக்கு இங்கே இட்லி வேகவில்லை. யாரும் சாகவில்லை.

ஏப்ரல் 16

என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். எங்கள் வீட்டுச் சாக்கடைக் குழாய் உடைந்து ஆறு மாதமாகிறது, அதற்கு மட்டும் அவருக்குக் கை ஒழியவில்லை. பகல் முழுக்க நான் வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ, இன்று மண்வெட்டியோடு கொல்லைக்குப் போய்விட்டார். எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் தோண்டியதும் சத்தம் வந்தது.

“ஏ தெய்வான, இங்க வா. என்னமோ முட்ட கெடக்கு. பாம்பு முட்டயா இருந்தா நான் உள்ள போயிருதேன். நீ படிச்சவ, நீயே பாத்துக்க.”

பாம்பு முட்டை இல்லை. வெள்ளையாக, நீளவாக்கில், சுண்டுவிரல் நுனி அளவு. பச்சோந்தி முட்டைகள். போன நவம்பரில் வயிறு பெருத்த ஒரு பச்சோந்தி இந்த மரத்திலிருந்து இறங்கி, இதே இடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஏதோ பூச்சி தேடுகிறது என்று நினைத்துத் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே போனேன். எம்.எஸ்ஸி. விலங்கியல், முதல் வகுப்பு.

மொத்தம் இருபத்திரண்டு. இந்த மாதிரி முட்டைகளைப் புரட்டக் கூடாது, புரட்டினால் கரு செத்துவிடும். ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் புள்ளி வைத்து, எடுத்த வாக்கிலேயே ஈர மணல் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். மூன்று மணி நேரம் ஆனது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, “பரீட்சைப் பேப்பர் திருத்துத மாதிரியே இருக்கு” என்றார்.

ஏப்ரல் 17

சட்டத்தை மதிக்கிறவள் என்பதால் வனத்துறைக்குப் போன் செய்தேன். மறுபடி ஒரு வழக்கு வேண்டாம் என்பது இரண்டாவது காரணம். ஸ்கூட்டியில் ஒரு பெண் வனக்காப்பாளர் வந்தாள். பெயர் மாடத்தி. முப்பது வயது இருக்கும். தொப்பியைக் கழற்றித் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

“டீச்சர், இத வீட்ல வளக்கக் கூடாது. கேசாயிரும்.”

“நான் வளக்கலம்மா. அது என் சாக்கடைக் குழில முட்ட போட்டிருக்கு. அது மேல கேசு போடு.”

சிரித்தாள். வெளியே போய் ரேஞ்சரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

“இப்பம் வேற எடத்துல பொதச்சா வீணாப் போயிருமாம். நீங்க விலங்கியல் டீச்சர்ங்கதால ஐயா ஒத்துக்கிட்டாவ. இங்கனயே இருக்கட்டும். பொரிச்சாலும் இந்த வெயில்ல விட்டா கருகிரும். ஜூன்ல சாரல் விழுந்ததும் நான் வந்து நின்னு விட்ருவோம். அதுவரைக்கும் வாரம் ஒருக்கா எத்தன இருக்குன்னு போன்ல சொல்லிருங்க. நான் ரெஜிஸ்டர்ல ஏத்தணும்.”

ஆக, ஒரு துறை என்னை நம்ப முடியாதென்று வீட்டுக்கு அனுப்பிய பதினைந்து நாளுக்குள் இன்னொரு துறை என்னை நம்பி வகுப்பு ஒப்படைத்திருக்கிறது. இருபத்திரண்டு பேர். இவ்வளவு சின்ன வகுப்பு என் சர்வீஸில் கிடைத்ததே இல்லை.

ஏப்ரல் 30

தலைமையாசிரியர் கனகசபாபதி வந்தார், கையில் அரை டஜன் ஆரஞ்சோடு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியும் கொடுத்துவிட்டார்.

“டீச்சர், நீங்க சீனியர். அந்தப் பொண்ணு பானு ரெண்டே முக்கால் மணி நேரம் அந்த ரூம்ல இருந்திருக்கா. நீங்க இருந்தது எவ்வளவு, அஞ்சு நிமிஷமா?”

“எட்டு இருக்கும் சார்.”

“அஞ்சுன்னே வச்சுக்குவோம். விசாரணையில கேட்டா, ‘நான் எதையும் கவனிக்கல’ன்னு ஒரே வரி. மத்ததெல்லாம் தானா நடக்கும்.”

தானாக நடக்கும் என்றால் பானுவின் தலையில் விழும் என்று பொருள். அதை அவர் வாயால் சொல்லவில்லை, பண்பாளர். நானும் கேட்கவில்லை. என் பண்புக்கு என்ன குறைச்சல்?

ஆரஞ்சு புளிப்பு.

மே 8

பானு போன் செய்தாள். அழுதால் சமாதானம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

“டீச்சர், நான் வெளிய போனப்ப அந்தப் பொண்ணுகிட்ட பிட் இருந்துச்சா? நீங்க பாத்தீங்களா? எனக்கு நெனச்சு நெனச்சு மண்ட வெடிக்குது. நான் ஒவ்வொரு டெஸ்கா செக் பண்ணுனேன் டீச்சர். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல.”

“நான் கவனிக்கலம்மா” என்றேன்.

ஒரே வரி. ஒத்திகை நன்றாகவே அமைந்தது.

மே 21

நேற்று மத்தியானம் இடி இடித்துக் கோடை மழை பெய்தது. இன்று காலை டப்பாவில் ஒரு முட்டை வியர்த்திருந்தது. சற்று நேரத்தில் நுனியில் கீறல், அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு. மூக்கு வெளியே வந்ததும் ஐயா ஓய்வெடுத்துக்கொண்டார். அரை மணி நேரம் அசைவில்லை. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் ஏழு. தீக்குச்சியை விடக் கொஞ்சம் நீளம், அதில் பாதி வால். பிறந்த உடனேயே குச்சியைப் பிடித்து ஏறத் தெரிகிறது. ஒரு கண் மேலே பார்க்கிறது, மறு கண் என்னைப் பார்க்கிறது. இரண்டிலும் மரியாதை இல்லை.

வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். தரையில் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏ, இதுக்குப் பாலு கீலு வேண்டாமா?”

“வேண்டாம். தாய் முட்ட போட்டதோட கெளம்பிருச்சு. அதுக்கு இந்தத் தொல்லையே கெடையாது.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரங்கள்தான்.

மே 23

மொத்தம் பத்தொன்பது பொரித்தன. மூன்று முட்டை கெட்டுவிட்டது. தேர்ச்சி விகிதம் எண்பத்தாறு சதவீதம். எங்கள் பள்ளிக்கூடத்தைவிட அதிகம்.

செம்பருத்தி, கறிவேப்பிலைத் தொட்டிகளை எலுமிச்சை மரத்தடிக்கு இழுத்து, மேலே நாலு கம்பு கட்டி, பழைய கொசுவலையால் மூடிவிட்டோம். காலை வெயில் கிடைக்கும், பத்து மணிக்கு மேல் மரத்து நிழல். உள்ளே ஒரு கிண்ணத்தில் அழுகிய வாழைப்பழம். பழ ஈக்கள் கூட்டமாக வருகின்றன. குஞ்சு குறி பார்க்கிறது, பார்க்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறது. திடீரென்று நாக்கு போய்வருகிறது. ஈ இல்லை. பிறந்து இரண்டு நாளில், யாரும் சொல்லிக் கொடுக்காமல். நான் இருபத்தாறு வருடம் எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினேன் என்று தெரியவில்லை.

மே 27

இரண்டு செத்துவிட்டன. முப்பத்தொன்பது டிகிரி. தண்ணீர் வைத்திருந்தேன், அகலத் தட்டில், சுத்தமான தண்ணீர். அவை தட்டில் குடிக்காதாம். இலையில் சொட்டாகத் தொங்கினால்தான் அது தண்ணீர் என்று தெரியுமாம். பனித்துளியாகப் பார்த்துப் பழகிய பரம்பரை. படித்திருக்கிறேன். மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் இஸ்திரிக் கடையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் டப்பா வாங்கிவந்தார். இனி மணிக்கொரு தடவை இலைகளுக்கு மழை.

இரண்டையும் தனித்தனித் தீப்பெட்டியில் வைத்து, தேதி எழுதி, மரத்தடியில் புதைத்தேன். தேதி எழுதுவது தொழில் புத்தி.

மாடத்தி போனில் கேட்டாள். “பத்தொம்பதும் நல்லா இருக்கு” என்றேன். முதல் வாரமே குறைத்துச் சொன்னால் விலங்கியல் ஆசிரியைக்கு என்ன மரியாதை? அடுத்த வாரம் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 3

எறும்பு. தொட்டிகளைச் சுற்றித் தண்ணீர் கட்டத் தெரிந்த எனக்கு, செம்பருத்திக் கிளை ஒன்று கொசுவலையைத் தாண்டி மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது தெரியவில்லை. அது வழியாக இறங்கியிருக்கின்றன. காலையில் பார்க்கும்போது நான்கு.

குஞ்சுகள் பயந்தால் கறுத்துவிடும். அந்த நான்கும் கறுப்பாகவே கிடந்தன.

நான்கு தீப்பெட்டி. மாடத்தியிடம், “பத்தொம்பது. ரெண்டு கொஞ்சம் சோந்து போயிருக்கு” என்றேன். “எதுக்கும் நெழல்ல வையுங்க டீச்சர்” என்று அக்கறையாகச் சொன்னாள். வைத்தாயிற்று.

ஜூன் 6

மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரர் குழம்பைப் பார்த்தபடியே கேட்டார்.

“எட்டு நிமிசம் ஒரு ரூம்ல நின்னவ, அந்தப் புள்ளயப் பாக்காமலா இருந்திருப்ப?”

“பத்து நிமிசம். இருபது பேர் இருந்தாவ. எல்லார் மூஞ்சியையும் மனப்பாடம் பண்ணச் சொல்லுதீங்களா?”

“கேட்டேன்.”

“ரசம் ஊத்தட்டா?”

“ஊத்து.”

முப்பது வருடமாக, கருகிப்போன கம்பியை எண்ணிப் பிரித்துச் சுற்றுகிறவர். எந்தச் சுற்றில் புகைந்தது என்று தேடுவது அவருக்குப் பழக்கம். நான் மோட்டார் இல்லை என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11

கொசுவலைக் கிழிசல் வழியாக ஓணான் ஒன்று புகுந்து ஒரு குஞ்சைத் தின்றுவிட்டது. என் கண் முன்னாலேயே. விரட்டிக்கொண்டு ஓடியதில் செருப்பு அறுந்தது. இந்த முறை தீப்பெட்டிக்கு வேலையில்லை.

பன்னிரண்டு இருக்கின்றன. பெயர் வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வைக்கவும் இல்லை. சும்மா வலது கண் சின்னதாக இருப்பதை ‘கண்ணாடி’ என்றும், எப்போதும் தம்பிமார் தலையில் ஏறி நடப்பதை ‘லீடர்’ என்றும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாடத்தியிடம் பத்தொன்பது.

ஜூன் 14

முன்னறிவிப்பில்லாமல் ரேஞ்சர் வந்துவிட்டார். பின்னால் மாடத்தி, கையில் ரெஜிஸ்டரோடு. அவர் வலையைச் சுற்றி வந்து மூன்று தடவை எண்ணினார்.

“பன்னெண்டு இருக்கு. ரெஜிஸ்டர்ல பத்தொம்பது. மீதி ஏழு எங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாடத்தியைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

“ஒரு குஞ்சு வெளிய என்ன வெலைக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? வாரா வாரம் நேர்ல வந்து பாத்து எழுதுனியா, இல்ல போன்ல கேட்டு எழுதுனியா?”

அவள் நிமிர்ந்து நின்றாள். காது மட்டும் சிவந்துபோயிற்று.

“அவளுக்குத் தெரியாது சார். செத்துப்போச்சு. நாந்தான் சொல்லல” என்றேன்.

“செத்ததுக்கு என்ன ஆதாரம்?”

ஆதாரம். அதற்கு நான் பேர்போனவள். கரண்டியை எடுத்துக்கொண்டு எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தீப்பெட்டியாகத் தோண்டியெடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். மே 27 இரண்டு. ஜூன் 3 நான்கு. ரேஞ்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். ஆறு சரி. ஏழாவது ஓணானின் வயிற்றில் இருப்பதற்கு என்னிடம் ரசீது இல்லை. எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன்.

அவர் ஜீப்பில் ஏறியதும் மாடத்தி என்னிடம் வந்தாள்.

“டீச்சர், குஞ்சு செத்தா யாரும் உங்களத் தூக்குல போட மாட்டாங்க. காட்டுல நூறு பொறந்தா பத்துதான் தேறும், அது எங்களுக்கே தெரியும். நீங்க சொன்னீங்கன்னு நம்பி எழுதுனேன் பாருங்க, இப்பம் மெமோ எனக்கு. நேர்ல வந்து எண்ணாதது என் தப்புதான். அதுக்காக நீங்க பொய் சொல்லணுமா?”

“நான் ரேஞ்சரப் பாத்துப் பேசுதேன்.”

“பேசுங்க” என்றாள். “பேசுறது லேசுதான.”

ஸ்கூட்டி போன பிறகு தீப்பெட்டிகளைத் திரும்பப் புதைத்தேன். இன்று எழுத வேடிக்கையாக எதுவும் இல்லை.

ஜூன் 15

ரேஞ்சர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். என்ன நடந்தது, எந்தத் தேதியில் எத்தனை, எந்தத் தேதியில் நான் போனில் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “இவ்வளவு வெவரமா எழுதத் தெரிஞ்சவங்க, போன்ல ஒரு நம்பரச் சரியாச் சொல்லியிருக்கலாமே” என்றார். மாடத்தியின் மெமோவை எச்சரிக்கையோடு முடித்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த எச்சரிக்கை அவள் சர்வீஸ் புத்தகத்தில் ஏறாதாம். அவள் ஆபீஸ் வாசலில்தான் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஜூன் 18

பன்னிரண்டு நிமிடம்.

சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்தேன். பானு வெளியே போனபோது பதினொன்று நாற்பது. திரும்பி வந்தபோது பதினொன்று ஐம்பத்திரண்டு.

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். பத்தொன்பது வயது இருக்கும். தனித்தேர்வர். தாலியைச் சட்டைக்குள் போட்டுச் சுடிதார் துப்பட்டாவை மேலே குத்தியிருந்தாள். வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் இவள் சட்டையின் முன்பக்கம் நனைந்தது. துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடினாள். பேனா ஓடவில்லை. குளுக்கோஸின் அமைப்பு, ஐந்து மதிப்பெண். கேள்வி எண்ணை எழுதி, அடியில் கோடு போட்டு, அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது. எத்தனையாவது தடவை எழுதுகிறாளோ தெரியாது.

அவள் கேட்கவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வினாத்தாள் கட்டின் பழுப்பு உறையில் ஒரு மூலையைக் கிழித்து, கார்பன் ஆறையும் வரிசையாக எழுதி, அவள் விடைத்தாளுக்குக் கீழே நான்தான் சொருகினேன். அவள் பயந்துபோய், “வேண்டாம் டீச்சர்” என்றாள். நான், “எழுதிட்டு சீக்கிரம் போய்ப் புள்ளயத் தூக்கு” என்று சொல்லிவிட்டு நடந்துபோனேன்.

C, H, O எல்லார் கையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே கையெழுத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. இதை நான் ஏப்ரல் முதல் வாரத்திலேயே யோசித்து நிம்மதி அடைந்தேன்.

முன்பக்கம் போய் ‘பார்த்ததுகூட இல்லை’ என்பதை அடித்துவிடலாம் என்று புரட்டினேன். அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

ஜூன் 19

காலையில் காபி கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

“தெரியும்” என்றார்.

“எப்பத்துலருந்து?”

“அந்தப் பரீட்ச முடிஞ்சு வந்த அன்னைக்கே. பஸ்ஸ விட்டு எறங்குனதும் ‘பாவம் அந்தப் புள்ள’ன்ன. எந்தப் புள்ளன்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட.”

“மூணு மாசமா ஏன் கேக்கல?”

“கேட்டேன்லா. நீ ரசம் ஊத்துன.”

ஜூன் 27

சாரல் ஆரம்பித்து நான்கு நாளாகிறது. மேற்கே மலை தெரியவில்லை. காற்று எலுமிச்சை மரத்தைப் பிடித்து உலுக்குகிறது. மாடத்தி வந்தாள். இந்தத் தடவை அவளே வலைக்குள் தலையை விட்டு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு. எழுதிவிட்டு என் பக்கம் நீட்டினாள். “கையெழுத்துப் போடுங்க டீச்சர். எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க.”

எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

ஒவ்வொன்றாக விரலில் ஏற்றி எலுமிச்சையிலும், வேலியோரக் கொடுக்காப்புளியிலும், பக்கத்துத் தோட்டத்துப் புதரிலும் விட்டோம். விரலைவிட்டு இறங்க மாட்டேன் என்று வாலால் சுற்றிக்கொண்டது ஒன்று. லீடர்தான் என்று நினைத்தேன், இல்லை, பெயரில்லாதது. மாடத்தி மெதுவாகப் பிரித்துவிட்டாள். இலைக்கு மாறியதும் காற்றில் ஆடும் இலை மாதிரியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நடந்தது. நாலு எட்டு வைத்ததும் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்து நன்றி சொல்லும் வழக்கமெல்லாம் அவற்றிடம் இல்லை. ஏழு குஞ்சுகளைச் சாகடித்த வகுப்பாசிரியைக்கு அது அதிகப்படி.

“எத்தன தேறும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு மூணு தேறுனா பெருசு” என்றாள் மாடத்தி. அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு காபி குடித்தாள். இரண்டு டம்ளர்.

ஜூலை 2

விசாரணை. நீளமான வராந்தா, இரும்பு பெஞ்சு. ஒரு கோடியில் பானு, அவளுடைய அப்பாவோடு. அத்தா என்று கூப்பிடுகிறாள். நடுவில் அந்தப் பெண், மடியில் குழந்தை. பெயர் மாரிக்கனி என்று கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. இன்னொரு கோடியில் நான். கனகசபாபதி சார் வந்து என் காதில், “ஒரே வரி” என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க அறையில இருந்தப்ப ஏதாவது கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன் சார். அந்தக் காகிதத்த எழுதுனது நான். அந்தப் பொண்ணு கேக்கல. வேண்டாம்னு சொன்னா. நான்தான் வச்சுட்டுப் போனேன். பானுவுக்கு இதுல எதுவும் தெரியாது. நான் சொருகும்போது அவங்க ரூம்லயே இல்ல.”

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

“இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும் சார்.”

“அப்ப ஏன் செஞ்சீங்க?”

அதற்கு ஒரு நல்ல பதில் தயாரித்து வைத்திருந்தேன். கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் நியாயம். அதை விட்டுவிட்டு, “கொழந்த அழுதுச்சு சார்” என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மாரிக்கனி எழுந்து நின்றாள். உள்ளே பேசியது வராந்தா வரை கேட்டிருக்கிறது.

“நான் உங்களக் காட்டிக் குடுக்கலயே டீச்சர்” என்றாள். “மூணு தடவ கூப்ட்டுக் கேட்டாவ. கீழ கெடந்துச்சுன்னுதான் சொன்னேன். நீங்க ஏன் சொன்னிய?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையைப் பார்த்தேன். அதற்கு இரண்டு பல் வந்திருந்தது.

பானு பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் அத்தா மட்டும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜூலை 17

உத்தரவுகள் வந்துவிட்டன. பானுவுக்கு மறுபடி வேலை. மாரிக்கனிக்கு அந்த ஒரு தாள் மட்டும் ரத்து, அடுத்த தடவை எழுதலாம். எனக்குப் பணியிடை நீக்கம் தொடர்கிறது, மேல் நடவடிக்கை பிறகு. வேலை போனாலும் போகலாம் என்று ஆசிரியர் சங்கத்துக்காரர் சொன்னார். கனகசபாபதி சார் போன் செய்து, “உங்ககிட்ட நான் இத எதிர்பாக்கல டீச்சர்” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். இந்தத் தடவை ஆரஞ்சு வரவில்லை.

ஜூலை 20

பத்து மணிக்கு வாசலில் பானு. தனியாக வந்திருந்தாள், கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அதெல்லாம் எதற்கம்மா என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் தயாராக இருந்தேன். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

அவள் டீயைத் தொடவில்லை.

“நாளைக்கு ஜாயின் பண்றேன் டீச்சர்.”

“சந்தோசம்மா.”

“மூணு மாசம் எங்க அத்தா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. தட்டுல சோத்த வச்சுட்டு அம்மா திரும்பிக்குவாங்க. தெருவுல பிள்ளைங்க ‘பிட்டு டீச்சர்’னு கத்துனாங்க. நான் உங்களுக்குப் போன் பண்ணுனேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“கவனிக்கலம்மான்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“கடைசில சொல்லிட்டீங்க, சரி. நல்லது. ஊரே உங்களப் பெரிய மனுஷின்னுது. அத்தாகூட, தொழுகைல உங்களுக்காக துவா கேக்கச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்குப் போன்ல ஏன் சொல்லல?”

கொல்லைப் பக்கம் காற்று கதவை அடித்தது. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நடையிலேயே நின்றுவிட்டார். சாதாரணமாக எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் கிடையாது. ஆசிரியர் அறையில் என் வாய்க்குப் பயந்து எதிரே உட்காராதவர்கள் உண்டு. வேலை, சீனியாரிட்டி, ஓய்வுக்கு ஏழு வருடம், தலைமையாசிரியர் சொன்னது, எல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்து நின்றன. எல்லாமே கேவலமாக இருந்தன.

“பயந்துட்டேன்” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஒன் தலைல விழும்னு தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். வேற காரணம் இல்லம்மா.”

அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை.

“டீ ஆறிருச்சு. வேற போடட்டா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்” என்றாள்.

எழுந்து போகவும் இல்லை.